மூன்றாம் ஆண்டு விடுமுறை: சென்னையா, கும்பகோணமா, வீடா?

என் அக்கா மகள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு முடிக்கிறாள். வீடு வலங்கைமான். ஆறாவது செமஸ்டர் தேர்வு முடிந்ததும் ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருக்கும். ஏழாவது செமஸ்டர் தொடங்கிவிட்டால் பிளேஸ்மென்ட் பரபரப்பு வந்துவிடும். அதற்குள் வேலை பார்த்த அனுபவம் ஏதாவது பயோடேட்டாவில் ஏறியிருக்க வேண்டும் என்று வகுப்பில் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சித்தி, மூணு இடம் இருக்கு. எதுக்குப் போறதுன்னே தெரியல" என்றாள்.

முதலாவது, சென்னை கிண்டியில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம். எட்டு வாரம், சம்பளம் கிடையாது, முடித்தால் சான்றிதழ். இரண்டாவது, கும்பகோணத்தில் கடைகளுக்கும் அரிசி மில்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிற ஐந்து பேர் அலுவலகம். மாதம் 3,500 ரூபாய் தருவார்கள். மூன்றாவது, எங்கும் போகாமல் வீட்டிலிருந்தே ஏதாவது ஒரு திறமூல மென்பொருளில், அதாவது நிரலை (கோடிங்கை) யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தி அனுப்பலாம் என்று திறந்து வைத்திருக்கிற மென்பொருளில், பங்களிப்பது. அவளுடைய சீனியர் ஒருவர் அப்படிச் செய்துதான் நல்ல வேலைக்குப் போனாராம்.

மன்னார்குடியோ மயிலாடுதுறையோ பட்டுக்கோட்டையோ, கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பேச்சு நடக்காமல் இருக்காது. நானும் இந்த வழியில் வந்தவள்தான். 2018இல் பட்டம் முடித்தேன். இப்போது திருச்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். புதிதாகச் சேர வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அவளுக்குப் போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற வேறு பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவட்டும்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் முதல் சிக்கல். வீட்டில் பெரியவர்கள் கம்பெனி பெயரைக் கேட்பார்கள், தங்குமிடம் பத்திரமா என்று கேட்பார்கள். பிள்ளைகள் என்ன டெக்னாலஜி, சான்றிதழ் உண்டா என்று கேட்பார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் எழுதுகிற நிரலை அங்கே யாராவது உட்கார்ந்து படிப்பார்களா? படித்துவிட்டு, இது தப்பு, இதனால் தப்பு என்று சொல்வார்களா?

கல்லூரியில் இது நடப்பதே அபூர்வம். லேபில் அவுட்புட் வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். அறுபது பேர் இருக்கிற வகுப்பில் ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது, ஒவ்வொருவர் எழுதியதையும் வரிவரியாகப் படிக்க அவருக்கு ஏது நேரம்? மூன்று வருஷம் ஓடும். எழுதிய நிரலை இன்னொரு மனிதர் படித்த அனுபவம் ஒருமுறைகூட இல்லாமல் ஒரு பிள்ளை வேலைக்கு வந்து நிற்கும். இப்போது சாட்ஜிபிடி கேட்டதை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஓடுகிற நிரல் எல்லார் கையிலும் இருக்கிறது. அது ஏன் ஓடுகிறது, எப்போது ஓடாமல் போகும் என்று சொல்லத்தான் ஆளில்லை. நேர்காணலில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: புராஜெக்டைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள், "இதில் எது உடைந்தது, எப்படிச் சரி செய்தீர்கள்" என்று கேட்டால் மௌனமாகிவிடுகிறார்கள்.

சரி, கும்பகோணத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அது.

2017 மே மாதம் நடுவில் அங்கே இதுபோன்ற ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கீழே பாத்திரக்கடை, மேலே மாடியில் நாங்கள். நாலு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கல்யாண சீசன் என்பதால் கீழே பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். மாதம் 2,000 ரூபாய், மதியச் சாப்பாடு. வகுப்புத் தோழிகள் சிலர் சென்னைக்குப் போனபோது நான் பில்லிங் சாஃப்ட்வேர் அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நான் சேர்ந்த நேரம் அப்படி. அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதியிலிருந்து ஜிஎஸ்டி. அதுவரை வாட் வரிக்கு எழுதி வைத்திருந்த எல்லாம் மாற வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் அது எந்த வகை என்று காட்டுகிற எச்எஸ்என் எண் சேர்க்க வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் வரியை மத்திய வரி, மாநில வரி என்று சரிபாதியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி என்று ஒன்றாகக் காட்ட வேண்டும். கையில் இருந்தது ஆறு வாரம். காத்திருந்த கடைகள் நாற்பதுக்கு மேல். அந்த நெருக்கடியில்தான், பயிற்சிக்கு வந்த இன்டர்ன் என்றுகூடப் பார்க்காமல், பில்லின் அடியில் வருகிற வரிக் கணக்கை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். விபி டாட்நெட் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும்.

ஜூன் கடைசி வாரம் ஒரு காப்பித்தூள் கடையில் மாதிரி பில் போட்டுப் பார்த்தோம். சரக்கின் விலை 333 ரூபாய். காப்பித்தூளுக்கு 5 சதவீத வரி. ஆக மொத்த வரி 16 ரூபாய் 65 காசு. அதைப் பாதியாக்கினால் 8.325. பைசாவுக்கு முழுதாக்கித்தான் அச்சிட முடியும். பில்லில் மத்திய வரி 8.32, மாநில வரி 8.32, கீழே மொத்த வரி 16.65 என்று வந்தது. கடையின் கணக்குப்பிள்ளை பேனாவை எடுத்து முப்பத்திரண்டையும் முப்பத்திரண்டையும் கூட்டினார். "அறுபத்துநாலுதானேம்மா வருது, அறுபத்தஞ்சு எப்படிப் போட்டிருக்கு?" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "அரைப் பைசா வந்தா மேல ஏத்தணும். முப்பத்திமூணுன்னு வரணும்."

"ஒரு பைசாதானே சார்" என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்தை நடத்திய எங்கள் சார் அங்கே ஒன்றும் பேசவில்லை. அலுவலகம் திரும்பியதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, நான் எழுதியதை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். 'மேத் டாட் ரவுண்ட்' என்று இருந்த இடத்தில் நிறுத்தி, "இது எப்படி முழுதாக்கும்னு படிச்சுப் பார்த்தியா?" என்றார். நான் படிக்கவில்லை. டாட்நெட்டில் அந்தக் கட்டளை, நாம் தனியாகச் சொல்லாவிட்டால், சரிபாதியில் நிற்கிற எண்ணைப் பக்கத்தில் உள்ள இரட்டைப்படைக்கு இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 8.325 என்பது 8.32 ஆனது. 8.335 ஆக இருந்திருந்தால் 8.34 ஆகியிருக்கும். பாதி வந்தால் மேலே ஏற்றுவதுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. கணக்குப்பிள்ளையின் பேனாவும் அப்படித்தான் கணக்குப் போடும்.

அதை மாற்றினேன். மாற்றியதும் 8.33, 8.33 என்று வந்தது, மொத்தம் மட்டும் 16.65 என்றே நின்றது. மறுபடி ஒரு பைசா இடித்தது. இந்த முறை கட்டளையில் தப்பில்லை. எதை முதலில் கணக்கிடுவது என்று நான் யோசிக்காததுதான் தப்பு. இரண்டு பாதியையும் தனித்தனியாக முழுதாக்கி, அவற்றின் கூட்டலையே மொத்த வரியாகக் காட்டுவது என்று சார் முடிவு செய்தார். 16.66. ஒரு நாளைக்கு 300 பில் போடுகிற கடையில், ராத்திரி கணக்கு முடிக்கிற மனிதர் இந்தப் பைசாவைத் தேடிக்கொண்டு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் நிரலுக்கு மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரியது இதுதான். எழுதியதை ஒருவர் படித்தார், இன்னொருவர் பயன்படுத்தினார். இரண்டு பேரும் இரண்டு விதமான தப்பைக் கண்டுபிடித்தார்கள்.

இப்படிச் சொல்வதால் அங்கே எல்லாம் நன்றாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கிற கிட் என்ற கருவியை அங்கே யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. பழைய நிரல்கள் தேதி போட்ட ஜிப் கோப்புகளாக ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஒரு கடைக்குச் செய்த திருத்தம் இன்னொரு கடைக்குப் போய்ச் சேராது. தானாகச் சோதிக்கிற முறை எதுவும் கிடையாது, கடைக்காரர்தான் சோதனை. பழைய டெக்னாலஜி. நேர்காணலில் விபி டாட்நெட் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சில அலுவலகங்களில் இன்டர்ன் என்றால் டேட்டா என்ட்ரி, பிரிண்டர் ரிப்பேர், டீ வாங்கி வருவது என்று போய்விடும். சேரும் முன்பே விசாரித்துவிட வேண்டும். கிட்டைப் பொறுத்தவரை ஒரு யோசனை: அதை நீங்களே கொண்டுபோய் அறிமுகப்படுத்தலாம். இரண்டு நாள் வேலை. ஒரு அலுவலகத்தின் பழக்கத்தை மாற்றினேன் என்று நேர்காணலில் சொல்லவும் முடியும்.

ஊர்ப்பக்கம் என்றால் கடைத்தெரு மாடி அலுவலகம் மட்டும்தான் என்ற நிலையும் இப்போது இல்லை. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் டைடல் நியோ என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தார்கள். திருச்சிப் பக்கம் நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் தஞ்சாவூரிலேயே அப்படி ஒரு கட்டடம் வரும் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டோம். அங்கிருக்கிற நிறுவனங்களுக்கு நேரில் போய் பயோடேட்டா கொடுத்துக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அருகில் இருப்பதன் பெரிய வசதியே அதுதான்.

அடுத்து சென்னை. இதிலும் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எட்டாவது செமஸ்டரில், 2018 ஜனவரியிலிருந்து மூன்று மாதம், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் இன்டர்னாக இருந்தேன். பெயர் வேண்டாம். சம்பளம் இல்லை, விடுதிக்கு மாதம் 5,500 ரூபாய் அப்பா அனுப்பினார். முதல் நாளே அடையாள அட்டை கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கான லாகின் வந்தது பதினெட்டாவது நாள். அதுவரை பக்கத்து இருக்கைக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கொடுத்த வேலை, எக்செல்லில் இருந்த சோதனைப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பாஸ், ஃபெயில் என்று குறிப்பது. மூன்று மாதத்தில் நான் எழுதிய நிரல் ஐம்பது வரிகூட இருக்காது. அதையும் யாரும் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஏறிய நாட்களில், இது எதற்காக என்று மனசு கேட்கும். அப்பாவிடம் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் சம்பா அறுத்து வந்த பணம்.

அந்த மூன்று மாதம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். நாற்பது பேர் சேர்ந்து ஒரே மென்பொருளை எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். கிட், கிளை பிரிப்பது, இணைப்பது, காலையில் பத்து நிமிடம் நின்றுகொண்டே நடக்கிற கூட்டம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும் என்கிற ஒழுங்கு, எல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றது. தப்பானாலும் வாய் திறந்து ஆங்கிலம் பேசப் பழகினேன். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர்தான் இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு வேலை இருக்கிறதென்று தகவல் சொன்னார். மனிதர்களைத் தெரிந்துகொள்வதில் சென்னைக்கு ஈடு கிடையாது. தனியாக ஒரு ஊரில் இருந்து பழகுவதும் பின்னால் உதவும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு.

ஆக, சென்னை வேண்டாம் என்பது என் கருத்தில்லை. சம்பளம் இல்லாத சென்னை, அதுவும் எட்டே வாரத்துக்கு, வேண்டாம் என்கிறேன். எட்டு வாரத்தில் முதல் மூன்று வாரம் இடம் பழகவே போய்விடும். அக்கா விசாரித்த மகளிர் விடுதியில் மாதம் 8,500 ரூபாய், அட்வான்ஸ் தனி. இரண்டு மாதத்துக்கு 17,000. பஸ், ரயில், மேல்செலவு சேர்த்தால் 25,000 பக்கம் வந்துவிடும். கும்பகோணத்தில் இரண்டு மாதத்தில் 7,000 ரூபாய் கைக்கு வரும். வலங்கைமானிலிருந்து கும்பகோணத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை. ஒரு பக்கம் 25,000 போகிறது, மறுபக்கம் 7,000 வருகிறது. 32,000 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு நல்ல லேப்டாப்பே வாங்கிவிடலாம். அவளிடம் இருப்பது ஹேங் ஆகிக்கொண்டே இருக்கிற பழைய லேப்டாப்.

மூன்றாவது வழியைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. நான் வைத்த அளவுகோலை மட்டும் பார்த்தால் திறமூலப் பங்களிப்புதான் முதலில் நிற்கும். எங்கள் அலுவலகத்தில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். படிக்கும்போது பைத்தான் மொழியில் ஒரு நிரலகத்தில் (பலரும் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பு அது) சின்னத் திருத்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறான், இருபது வரி இருக்கும். அதற்குப் பதினோரு கருத்துகள் வந்தனவாம், எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஒருவரிடமிருந்து. மாறியின் பெயர் பொருந்தவில்லை, இந்த நிலைக்குச் சோதனை எழுதவில்லை, இங்கே வெற்றுப் பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக. ஐந்து வாரம் திருத்தித் திருத்தி அனுப்பிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். நேர்காணலில் அந்தப் பக்கத்தை அப்படியே திறந்து காட்டினான். எனக்கு வேறு கேள்வியே தேவைப்படவில்லை. அவ்வளவு கண்டிப்பாகப் படிக்கிற ஆளை எந்தக் கம்பெனி இன்டர்ன்ஷிப்பிலும் எதிர்பார்க்க முடியாது.

தமிழில் ஆர்வம் இருந்தால் தொடங்க இன்னும் எளிது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்காகக் கணியம் அறக்கட்டளை இருக்கிறது. விக்கிமீடியா திட்டங்களிலும் நிரல் எழுத வேலை இருக்கிறது. 'கி' என்ற ஓர் எழுத்து கணினிக்குள் இரண்டு குறியீடுகளாக இருப்பது தெரிந்து, அதைச் சரியாக எண்ணுகிற நிரல் எழுதினால், எழுத்துக் குறியீடுகளைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாததைக் கற்றுக்கொள்ளலாம். கூகுள் 2005லிருந்து நடத்துகிற சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் இடம் கிடைத்தால் பணமும் உண்டு. ஆனால் அதற்கான விண்ணப்பம் வசந்த காலத்திலேயே, மார்ச் ஏப்ரலோடு முடிந்துவிடும். மே மாதம் யோசித்தால் அடுத்த வருஷத்துக்குத்தான்.

பிரச்சினை வீடு. இதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு நாள். தண்ணீர் வருகிறதோ இல்லையோ, போர்வெல் இருக்கிற வீட்டில் அதற்கு முன்பே குறுவை வேலை தொடங்கியிருக்கும். நாற்றங்கால், உழவு, நடவு ஆட்களுக்குச் சாப்பாடு, டீ. அந்த நேரத்தில் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் வேலையில் இருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றாது. "சும்மாதானே இருக்க, இந்தத் தூக்கை வயலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா" என்பார்கள். அதில் யார் மேலும் தப்பில்லை, அவசரம் அப்படி. ஆனால் நாளுக்கு நாலு முறை எழுந்து போனால் நிரல் எழுதுகிற மனசு கூடி வராது. பையன் என்றால் இதில் பாதிகூட இருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் போகிற நாளும் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய சிரமம் தனிமை. அனுப்பிய திருத்தத்துக்குப் பதில் வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அதுவரை சரியான வழியில் போகிறோமா என்று கேட்க ஆளில்லை. அந்தத் தம்பியால் முடிந்தது என்றால் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு வருஷப் பழக்கம் இருந்தது. முதல்முறை வேலைச் சூழலைப் பார்க்கப் போகிற பிள்ளைக்கு இது மட்டுமே போதாது. மாலை நேர வேலையாக, இன்னொன்றோடு சேர்த்துச் செய்யலாம்.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அக்கா மகள் அதைச் சொல்லவில்லை, அவள் தோழிகள் போகிறார்களாம். 6,000 ரூபாய் கட்டினால் ஒரு மாத இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உறுதி. இதே இடங்களில் கடைசி வருஷ புராஜெக்டும் ரெடிமேடாக, ரிப்போர்ட் பைண்டிங்கோடு கிடைக்கும். இதற்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். வேலை பார்க்கிறவருக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும், வேலை பார்க்க வந்தவரிடம் வாங்குவது இன்டர்ன்ஷிப்பே இல்லை. அந்தச் சான்றிதழ்களின் வடிவம்கூட ஒரே மாதிரி இருக்கும். நேர்காணல் செய்கிறவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

காசு கொடுத்துக் கற்க வேண்டுமென்றால் என்பிடெல் என்ற இணையவழிப் படிப்பு இருக்கிறது. ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் பாடம் இலவசம், நேரில் எழுதுகிற தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். இவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒரு மாதப் பணத்தில் ஒரு பாடம். டேட்டா ஸ்ட்ரக்சரோ டேட்டாபேஸோ, தேர்வறையில் உட்கார்ந்து எழுதி வாங்குகிற சான்றிதழ் அது. மதிப்பெண்ணில் 75 அந்தத் தேர்வுக்கு, வாராவாரம் செய்கிற பயிற்சிக்கு 25.

கேட் தேர்வைப் பற்றியும் அத்தான் கேட்டார். மேற்படிப்பில் உண்மையான விருப்பம் இருந்தால் அது தனிப் பாதை, இந்த மூன்றோடும் ஒப்பிடக் கூடாது. மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இவளுக்குச் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும். தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆக நான் சொன்ன முடிவு: இந்த விடுமுறைக்குக் கும்பகோணம். கூடவே வாரத்தில் இரண்டு மாலை, சின்னதாக ஏதாவது ஒரு திறமூல மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் நிரலைப் படிப்பது மட்டும். எழுத அவசரப்பட வேண்டாம். ஏழாவது செமஸ்டரில் ஒரு என்பிடெல் பாடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லூரி விடுமுறை வருகிற நாட்களில் அந்தத் திறமூல மென்பொருளுக்கு முதல் திருத்தத்தை எழுதி அனுப்பிவிட்டால், மார்ச்சில் கூகுள் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கையில் ஏதாவது இருக்கும். சென்னையை எட்டாவது செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது மூன்று, நாலு மாதம் தொடர்ந்து இருக்க முடியும். பிளேஸ்மென்டில் எடுத்த கம்பெனியே இன்டர்ன்ஷிப்புக்கு அழைத்தால் பெரும்பாலும் சம்பளமும் இருக்கும். படிப்பு முடித்தும் ஆஃபர் எதுவும் இல்லையென்றாலும் தொழில்பழகுநர் பயிற்சி இருக்கிறது. 2019இல் திருத்திய விதியில் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள், குறைந்தபட்சத் தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும்.

எல்லாருக்கும் இதே வரிசை பொருந்தாது. கிண்டி நிறுவனம் மாதம் 10,000 ரூபாயாவது தருகிறது, சென்னையில் தங்க அத்தை வீடோ பெரியப்பா வீடோ இருக்கிறது என்றால் நான் சென்னைக்கே அனுப்பியிருப்பேன். ஏற்கெனவே ஒன்றிரண்டு திருத்தங்கள் ஏற்கப்பட்ட பிள்ளை, வீட்டில் தனி அறையும் அமைதியும் இருக்கிறவர் என்றால், தயங்காமல் மூன்றாவது வழி. அரியர் நாலைந்து வைத்திருப்பவர் இந்த இரண்டு மாதத்தையும் அதை முடிக்கவே செலவிடட்டும். அரியர் இருக்கிறவர்களைப் பிளேஸ்மென்டில் பல நிறுவனங்கள் உட்காரவே விடுவதில்லை.

முடிவை அவளிடமே விட்டேன். ஆனால் இரண்டு இடத்துக்கும் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: "நான் எழுதுற கோடிங்கை யார் பார்ப்பாங்க, எப்பப் பார்ப்பாங்க?" கேட்கவே பயந்தாள். இன்டர்ன் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று. கேட்கலாம்.

கிண்டியில் எடுத்தவர், டீம் இருக்கிறது, கைடு பண்ணுவார்கள், மெயில் வரும் என்று சொல்லி வைத்துவிட்டார். கும்பகோணத்து சார் கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறார். "நான்தாம்மா பார்க்கணும். ஆனா பகல்ல கடைகளுக்குப் போயிடுவேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மேலதான் உட்கார முடியும். உனக்கு வீட்டுக்குப் போக லேட்டாகுமே, பரவாயில்லையா?" என்று கேட்டாராம்.

அதைச் சொல்லும்போது அவள் குரலிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அக்காவுக்குத்தான் இருட்டின பிறகு வருவதைப் பற்றிக் கவலை. அத்தானோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிவரை அலுவலகம், மற்ற நாட்களில் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவாள். அந்த இரண்டு நாளும் வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் அத்தான் வண்டியோடு நிற்பார். வருகிற திங்கட்கிழமை சேருகிறாள்.